மோட்டார் சைக்கிள் சத்தம்: சிறுவயதுக் காயத்தோடு வளர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று மூவருக்கும் தெரியும். எஞ்சின் நின்ற பிறகு ஸ்டாண்டைத் தட்டக் கூடுதல் நேரம் எடுத்தால், கொப்பிகளை அள்ளிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட வேண்டும். இப்போது எனக்கு 43 வயது. திருகோணமலை உவர்மலையில் வாடகை வீடு. அப்பா செத்து ஒன்பது வருடம். ஆனாலும் பின்னேரம் ஆறரைக்கு அதே மாதிரி ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வீதியால் போனால், என் கை தானாக மேசையில் கிடப்பதை அடுக்கத் தொடங்கும்.

அந்தக் கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் வைத்தியன் இல்லை. கிளினிக் வாங்கில் நம்பர் துண்டோடு பல வருடம் குந்தியிருந்தவன். அங்கே கேட்டதும், பிறகு தேடி வாசித்ததும், பிழையாகச் செய்து பார்த்ததும் இதில் இருக்கின்றன. படிகளை வரிசையாகப் போட்டிருக்கிறேன். ஆனால் யாரும் ஒரே நேராக ஏறிப் போவதில்லை. நான் மூன்றாவது படியிலிருந்து இரண்டாவதற்கு எத்தனை தடவை இறங்கினேன் என்று கணக்கில்லை.

முதலில் ஓர் அவசரம்

இதை வாசிக்கும் நேரத்திலேயே உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு அடியோ, தகாத தொடுகையோ, பட்டினியோ நடந்துகொண்டிருந்தால் மற்றதெல்லாம் பிறகு. 1929 என்பது இலங்கைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம். 24 மணி நேரமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழில் கதைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ நன்னடத்தை உத்தியோகத்தரையோ கேட்டும் சொல்லலாம்.

பாலியல் துன்புறுத்தல் என்றால் முதலில் வைத்தியசாலை. பொலிஸில் முறைப்பாடு போட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றில்லை. சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும் வரை பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள், உடுப்பைத் தோய்க்காதீர்கள். தாய்மாருக்குக் கை பரபரக்கும், தெரியும். ஆனாலும் வேண்டாம்.

பிள்ளை வாய் திறந்து சொன்னால் மூன்று வசனம் போதும்: "நீ சொன்னது நல்லது. நான் நம்புறன். இது உன்ர பிழை இல்லை." திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். மாமியை, சித்தியை, பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் ஒருக்கால் சொல்லச் சொல்லாதீர்கள். விசாரிப்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து நீதிமன்றத்தில் சாட்சியமாகப் பாவிக்க 1999 முதல் சட்டத்தில் இடம் உண்டு. தன் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது தண்டனைச் சட்டக் கோவையின் 308அ பிரிவில் குற்றம். அதைச் செய்தவர் தகப்பனாக இருந்தாலும் குற்றம்தான்.

இனி, வளர்ந்தவர்களுக்கு.

நடந்ததற்குச் சரியான பெயர் வையுங்கள்

நம்மிடம் இதற்கு இருக்கிற சொற்கள் பெரும்பாலும் செய்தவரைக் காப்பாற்றும் சொற்கள். கண்டிப்பு. கொஞ்சம் கோபக்காரர். விளையாட்டுக்குச் செய்தது. அடியாத மாடு படியாது. மாட்டையும் பிள்ளையையும் ஒரே தொழுவத்தில் கட்டின அந்தப் பழமொழியை எத்தனை ஆசிரியர்களின் வாயில் கேட்டிருப்போம்! பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் இருக்கின்றன. மாணவனை அறைந்த வழக்கொன்றில் அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2021இல் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பழமொழி மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

அடி தெரியும், பாலியல் தொல்லை தெரியும். "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று நாள்தோறும் கேட்டு வளர்வதும் துன்புறுத்தல்தான் என்று இப்போது பலர் ஒத்துக்கொள்கிறார்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை: கவனிப்பின்மை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. ஊர் சொல்லமாட்டேன், நம் மாவட்டம்தான். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போனார். காசு ஒழுங்காக வந்தது. பெருநாளுக்கு உடுப்பும் வந்தது. பிள்ளை ஓர் உறவு வீட்டில் வளர்ந்தாள். அங்கே அவளை யாரும் அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. மற்றப் பிள்ளைகளின் கோப்பையில் மீன் துண்டு இருக்கும், இவளுடைய கோப்பையில் குழம்பு இருக்கும். காய்ச்சல் என்றால் பனடோல் கொடுப்பார்கள், நெற்றியில் கை வைத்துப் பார்க்கமாட்டார்கள். இருபது வருடம் கழித்து அவள் சொன்னாள்: "எனக்கு ஒண்டும் நடக்கேல்லையே தம்பி. பிறகு ஏன் எனக்கு இப்பிடி?" ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. நடந்திருக்க வேண்டியவைகூட நடக்கவில்லை.

தாயைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. யுத்தம், கடன், ஓட்டை விழுந்த கூரை எல்லாம் சேர்ந்து அனுப்பின பயணம் அது. ஆனால் காரணம் நியாயமாக இருந்தால் பிள்ளைக்குக் காயம் படாது என்று ஒரு சட்டம் இல்லை.

கவனிப்பின்மை என்ன செய்யும் என்பதற்கு ருமேனியாதான் மிகப் பெரிய சாட்சி. 1989இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது அநாதை விடுதிகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கட்டில்களில் கிடந்தார்கள். பால் கிடைத்தது, தூக்கிக் கொஞ்ச ஆள் இல்லை. 2000ஆம் ஆண்டில் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள், மற்றப் பாதி வழமையான பராமரிப்பிலேயே இருந்தது. இரண்டு வயதுக்கு முன்னமே ஒரு மடி கிடைத்த பிள்ளைகள் பல விஷயங்களில் நன்றாகத் தேறினார்கள். சோறும் கூரையும் மட்டும் ஒரு மூளையை வளர்க்காது.

இந்தப் படியில் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு துண்டில் ஒரே ஒரு வசனம் எழுதுங்கள்: எனக்கு இத்தனை வயதில், இன்னார் இதைச் செய்தார், அல்லது, செய்ய வேண்டிய இதைச் செய்யவில்லை. யாருக்கும் காட்ட வேண்டாம். எழுதக் கை வரவில்லை என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம். நான் எழுதியதை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். ஆனால் எழுதியது எழுதியதுதான். அதற்குப் பிறகு "கண்டிப்பு" என்ற சொல் என் வாயில் வரவில்லை.

உடம்பு எழுதி வைத்த சட்டங்களை வாசியுங்கள்

பயம் வந்தால் உடம்பு கேட்டுக்கொண்டு நிற்காது. மூளையின் உள்ளே அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி காவல்காரனாக இருக்கிறது. ஆபத்து என்று அது மணி அடித்தால் அட்ரினலினும் கோட்டிசோலும் ஊறும், இதயம் வேகமெடுக்கும், யோசிக்கிற முன்மூளை பின்னுக்குத் தள்ளப்படும். ஒருநாள் நடந்தால் மணி அடித்து ஓயும். ஒவ்வொரு பின்னேரமும் நடந்தால் காவல்காரன் நித்திரை கொள்வதையே விட்டுவிடுவான். வீட்டில் இனி ஆபத்து இல்லை என்று அவனுக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை.

எதிர்த்துப் பாய்வது, ஓடுவது, உறைந்து நிற்பது என்று மூன்று வழி எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்கு நாலாவது ஒன்றும் உண்டு: குளிரப் பண்ணுவது. அப்பாவின் முகம் மாறுவதற்கு முன்பே ரீ ஊற்றிக் கொண்டுபோவது, பகிடி சொல்வது, "நல்ல பிள்ளை"யாக இருப்பது. ஊரே மெச்சுகிற நல்ல பிள்ளைகளில் சிலர் உண்மையில் பயந்த பிள்ளைகள்.

இவை பிழையான பழக்கங்கள் இல்லை. அந்த வயதில், அந்த வீட்டில், அதைவிடக் கெட்டித்தனமாக யாரும் எதையும் செய்திருக்க முடியாது. சங்கடம் என்னவென்றால், சட்டங்கள் அப்படியே இருக்க வீடு மட்டும் மாறிவிடுகிறது. மேலதிகாரி "ஒருக்கால் உள்ளுக்கு வாங்கோ" என்றால் வயிறு குளிரும். கேட்டவருக்கெல்லாம் கடன் கொடுப்போம், இல்லை என்று சொல்ல நாக்கு வராது. சண்டையில் மனைவி குரலை உயர்த்தினால் நாம் அங்கே இருக்கமாட்டோம், சுவரைப் பார்த்துக்கொண்டு எங்கோ போய்விடுவோம். அன்பாக ஒருவர் நெருங்கினால், இதில் ஏதோ பொறி இருக்கிறது என்று தோன்றும். நெஞ்செரிவு, தலையிடி, உடம்பு உளைவு. எல்லாச் சோதனையும் சரி, டொக்டர் காஸ்ட்ரிக் குளிசை தந்து அனுப்புவார்.

இதற்கு வைத்திய உலகம் இப்போது ஒரு பெயரும் வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடுவின் சிக்கலான வகை தனியாக இடம் பிடித்தது. மனவடுவின் வழமையான குறிகளோடு மூன்று விஷயம் சேரும்: உணர்ச்சியை அடக்கவும் காட்டவும் முடியாமை, தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற நிலையான எண்ணம், உறவுகளில் நிற்க முடியாமை. அதை முதன்முதல் வாசித்தபோது, யாரோ என் நாட்குறிப்பைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

எண்கள் வேண்டும் என்பவர்களுக்கு. 1980களில் அமெரிக்காவின் சான் டியேகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற வைத்தியர் உடல் பருமனுக்குக் கிளினிக் நடத்தினார். நன்றாக மெலிந்துகொண்டு வந்தவர்கள் நடுவில் நின்றுவிடுவது அவருக்குப் புதிராக இருந்தது. விசாரித்துப் பார்த்தால், பலர் சிறுவயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்கள். அந்தப் பருத்த உடம்பே அவர்களுக்குக் கவசமாக இருந்திருக்கிறது. அதிலிருந்து பிறந்த ஆய்வில் 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது பற்றிக் கேட்டார்கள். 1998இல் வெளியான முதற்கட்ட முடிவு: நாலு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைப் பார்த்தவர்களுக்கு மது அடிமைத்தனம், போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, ஒன்றையும் பார்க்காதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு. ஆனால் அந்தப் புள்ளி ஒரு கூட்டத்தைப் பற்றியது. உங்களுடைய சாதகக் குறிப்பு இல்லை. அதோடு அந்தக் கேள்விகளில் ஷெல்லடியும் இடப்பெயர்வும் சுனாமியும் கிடையாது. நம் ஊரில் கணக்கைத் தொடங்குவதே அங்கிருந்துதான்.

வடகிழக்கில் ஏறத்தாழ 300 தமிழ் மாணவர்களை விசாரித்த ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஒரு தடவையாவது வன்முறையைக் கண்டிருந்தார்கள். தகப்பனின் குடியும், குடும்பம் பட்ட யுத்த அனுபவமும் அந்த வன்முறையோடு சேர்ந்தே வந்தன. என் அப்பாவும் அந்தக் கணக்கில் ஒருவர்தான். அவர் எப்படி அப்படி ஆனார் என்று இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது. விளங்குவதும் பரவாயில்லை என்பதும் ஒன்றில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. மிக மோசமான சூழலில் வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நிதானமான, அன்பான மனிதர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்களிடம் அடிக்கடி தென்பட்ட ஒரு விஷயம்: பெற்றோராக இல்லாவிட்டாலும், தன்மேல் அக்கறையுள்ள ஒரு பெரியவராவது இருந்தார். எனக்கு அது அம்மம்மா. அடி விழுந்த இரவுகளில் ஒன்றும் கேட்கமாட்டா. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, சோற்றைக் குழைத்து உருண்டையாகக் கையில் வைப்பா.

பழையது கிளம்பும் நேரத்துக்கு ஒரு பயிற்சி

கதையைக் கிளறுவதற்கு முன் இது வேண்டும். நீந்தத் தெரியாமல் ஆழத்துக்குப் போகக்கூடாது.

கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். கண்ணை மூடித் தியானம் செய் என்று எல்லாரும் சொல்வார்கள். சிலருக்குக் கண்ணை மூடினால்தான் படம் ஓடத் தொடங்கும். எனக்கும் அப்படித்தான். மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஏழோ எட்டோ எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளியே போகும் மூச்சு நீண்டால் இதயம் தணியும். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் சொல்வது: "எனக்கு 43 வயது. இது என்ர வீடு. கதவுத் திறப்பு என்ர பொக்கெற்றில இருக்கு." திறப்பைத் தொட்டும் பார்ப்பேன். சிரிப்பாக இருக்கலாம். காவல்காரனுக்குப் புத்திமதி விளங்காது, இரும்பு விளங்கும்.

புலன்களைப் பிடித்துக்கொள்வதில் அவரவருக்கு ஒரு வழி. சித்தாலேப மணம், முகத்தில் குளிர்ந்த தண்ணீர், பாதத்தின் கீழ் நிலம். டச்சுக் குடாவில் செருப்பைக் கழற்றி ஈர மணலில் நிற்பது எனக்குச் சரிவந்தது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு வாளியையும் ஊற்றி, எது கூடச் சூடு என்று கவனித்துக்கொண்டு நின்றால் மனம் வேறெங்கும் போக வழியில்லை. சும்மா இருக்கும் நாளிலும் இதைப் பழகுங்கள். தேவை வந்த அன்றைக்கு முதன்முதல் செய்தால் வராது.

சாராயம் இதே வேலையை வேகமாகச் செய்யும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அது நித்திரையைக் குலைக்கும், அடுத்த நாள் பயத்தை இரட்டிப்பாக்கும். எங்கள் வீட்டில் அந்த மருந்தை ஒருவர் ஏற்கனவே சோதித்துவிட்டார்.

சாகலாம் என்ற எண்ணம் வந்தால் தனியே இருக்காதீர்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். பூச்சிமருந்து, குளிசை எதுவும் வீட்டில் இருந்தால் இன்னொருவரிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

ஊருக்குச் சொல்லத் தேவையில்லை, முகநூலில் போடத் தேவையில்லை. ஓர் ஆள். எப்படித் தேர்ந்தெடுப்பது? மற்றவர்களுடைய இரகசியத்தை உங்களிடம் சொல்லாத ஆளாகப் பாருங்கள். உங்களுடையதையும் அவர் கொண்டு திரியமாட்டார்.

சொல்வதற்கு முன் ஒரு நிபந்தனை போடலாம்: "எனக்கு அறிவுரை வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்." முழுக்கதையையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒரு கரண்டி சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து, நாலு நாள் பொறுங்கள். "எல்லா வீட்டிலும் இருக்கிறதுதானே", "ஆறின புண்ணை ஏன் கிண்டுறாய்" என்று பதில் வந்தால் ஆள் மாறிவிட்டது, அவ்வளவுதான். கதை பிழையில்லை.

நான் வேலைத்தலத்து நண்பன் ஒருவனிடம் கடற்கரையில் வைத்துச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப்போய்க் கச்சான் வாங்கி வந்து பாதியை என் கையில் கொட்டினான். இன்றுவரை எனக்குக் கிடைத்த மிகச் சரியான பதில் அதுதான்.

கிளினிக் வாசலைத் தாண்டுதல்

"விசர் கிளினிக்" என்ற சொல்தான் இந்த வாசலில் நிற்கும் பெரிய நாய். குரைக்கும். உள்ளே போனால் வாங்குகளில் மீன் வியாபாரி, ரீச்சர், பல்கலைக்கழகப் பிள்ளை, தொப்பி போட்ட பெரியவர் எல்லாரும் இருப்பார்கள்.

தொடங்க இரண்டு இடம். ஒன்று, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர். அங்கே போவதில் ஒரு வசதி, நீங்கள் பிறப்புச் சான்றிதழ் எடுக்கப் போகிறீர்களா வேறு எதற்குமா என்று யாருக்கும் தெரியாது. மற்றது அரச வைத்தியசாலை. நகரத்தில் மாவட்டப் பொது வைத்தியசாலை, மற்றப் பக்கங்களில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலை. மனநல கிளினிக் எந்த நாள் என்று வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். காசு இல்லை. தெரிந்த முகம் வரிசையில் நிற்கும் என்று பயந்தால் வேறு ஊருக்குப் போவதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் முதல் ஆறு மாதம் பஸ் ஏறி வேறொரு ஊருக்குத்தான் போனேன்.

உள்ளே போனதும் வாய் அடைத்துப்போகும். அதனால் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: நித்திரை எப்படி, கோபம் எப்படி, எதைக் கண்டால் உடம்பு மாறுகிறது, எத்தனை வருடமாக. கடைசியில் ஒரு வரி: "சிறுவயதில் வீட்டில் பிரச்சினை இருந்தது." முதல் நாளுக்கு இதற்கு மேல் விபரம் தேவையில்லை.

நடந்ததோடு நேராக வேலை செய்யும் சிகிச்சைகள் இருக்கின்றன. மனவடுவை மையப்படுத்திய சிந்தனை-நடத்தைச் சிகிச்சை ஒன்று. விரலோ ஒளியோ அசைவதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே நினைவைத் தொட்டு மீளும் ஈ.எம்.டி.ஆர். இன்னொன்று. மனவடுவுக்கு இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது. எல்லா இடத்திலும் இவை கிடைக்காது. பயிற்சி பெற்ற, பொறுமையான ஓர் உளவளத்துணையாளரும் நிறையச் செய்யலாம். செர்ட்ராலின், ஃபுளுஒக்சட்டின் போன்ற குளிசை தந்தால் இரண்டு மூன்று கிழமைக்குப் பிறகுதான் வேலை தெரியும். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

ஓர் இடத்தில் எனக்குக் கிடைத்த ஆள் முதல் சந்திப்பிலேயே "தகப்பனை மன்னிச்சிடுங்கோ, எல்லாம் சரியாகும்" என்றார். இரண்டாவது சந்திப்புக்கு நான் போகவில்லை. சரியாக இருபது மாதம் எங்கேயும் போகவில்லை, அதுதான் என் பிழை. ஆள் சரியில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், வைத்தியத்தை விடாதீர்கள்.

கோயில், நூல் கட்டுவது, ஓதிப் பார்ப்பது பற்றி என்னைக் கேட்டால்: மனம் ஆறுகிறதென்றால் செய்யுங்கள். கோணேசர் கோயில் பாறையில் காற்று முகத்தில் அடிக்க நிற்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் பேய் பிடித்தது என்று சொல்லி அடிப்பவரிடம் போகாதீர்கள். அடிபட்டதுதானே பிரச்சினை.

கதையைத் தொடுவது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஜூடித் ஹெர்மன் என்ற மனநல வைத்தியர் 1992இல் மீட்சியை மூன்று கட்டமாகப் பிரித்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கப்படுவது, மீண்டும் மனிதரோடு சேர்வது. முதலாவது கட்டம் முடியாமல் இரண்டாவதைத் தொட்டால் வெள்ளம்தான். எழுதிப் பார்ப்பதென்றால் கால் மணித்தியாலம் வைத்து எழுதி, மணி அடித்ததும் கொப்பியை மூடிவிட்டு மரக்கறி வெட்டப் போங்கள். இரவில் எழுதவேண்டாம். நினைவு துண்டு துண்டாக வந்தால், நடுவில் வெற்றிடம் இருந்தால், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை. பயத்தில் பதிந்த நினைவு பலருக்கு அப்படித்தான் இருக்கும். வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பவும் வேண்டாம்.

கலியாண வீடு, செத்த வீடு

வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்த இடத்தில் "தொடர்பைத் துண்டியுங்கள்" என்று எழுதுவார்கள். நம் ஊரில் எப்படித் துண்டிப்பது? உங்களைத் தொட்ட மாமா உங்கள் தங்கச்சியின் கலியாணத்தில் முன்வரிசையில் இருப்பார். அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கச் சொல்வார்கள்.

விழத் தேவையில்லை. கமராக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கப் போங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். என்ன செய்வதென்று முதல் நாளே முடிவெடுத்து, விஷயம் தெரிந்த அந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். போகாமல் இருக்கவும் உரிமை உண்டு. "காய்ச்சல்" என்பது நம் சமூகம் ஏற்றுக்கொண்ட பதில். ஆனால் அந்த மாமா இருக்கும் வீட்டில் இப்போது சின்னப் பிள்ளைகள் இருந்தால், ஒரு பெரியவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மானம் போகும் என்பார்கள். போனால் யாருடைய மானம் போகும் என்று கேளுங்கள்.

பெற்றோர் வயதாகி, நம் கையை எதிர்பார்க்கும் காலம்தான் இன்னும் கஷ்டம். அப்பா கடைசி ஒன்றரை வருடம் படுக்கையில். சாப்பாடு கொடுத்தேன், மருந்து வாங்கினேன், உடம்பு துடைக்க ஆள் வைத்தேன். என் கையால் துடைக்க முடியவில்லை. அதைச் சித்தப்பா குறையாகச் சொன்னார். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கடமையை எவ்வளவு தூரம் செய்ய முடியும் என்று உடம்பு சொல்லும் இடத்தில் கோடு போடலாம்.

மூத்த மகன் என்று கொள்ளி என் கையில் வந்தது. அழுகை வரவில்லை. ஆறாவது மாதம், பஸ் தரிப்பிடத்தில் ஒரு தகப்பன் மகனுக்குச் சப்பாத்து லேஸ் கட்டுவதைப் பார்த்து அழுதேன். கிடைக்காத தகப்பனுக்கான அழுகை அது. அந்தத் துக்கத்துக்கு எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை. நீங்களே நாள் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். ஆடி அமாவாசைக்கு எல்லாரும் தகப்பன்மாருக்காக விரதம் பிடித்துக் கடலுக்குப் போகிறார்கள். நானும் போகிறேன். எள்ளும் தண்ணீரும் அவருக்கு விடுகிறேன். பிறகு கொஞ்சம் தள்ளிப்போய், பின்வளவில் கொப்பியோடு குந்தியிருந்த அந்தப் பொடியனுக்காகவும் ஒருக்கால் முழுகுவேன். ஐயருக்குத் தெரியாது.

மன்னிப்பை ஏன் ஒரு படியாகப் போடவில்லை என்று கேட்பீர்கள். அது வந்தால் வரட்டும். வராதவர்களும் நன்றாக நித்திரை கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பிள்ளை

அடி வாங்கியவர் எல்லாரும் அடிப்பார் என்பது பொய். ஆனால் களைத்த நாளில், பிள்ளை தண்ணீரைக் கொட்டிவிட்டால், உங்கள் வாயிலிருந்து உங்கள் தகப்பனின் குரல் வரலாம். அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே போங்கள். பிள்ளை அழுதாலும் பரவாயில்லை. கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

தவறிவிட்டால் திருத்தலாம். எட்வர்ட் ட்ரோனிக் என்ற ஆய்வாளர் 1970களில் ஒரு சோதனை செய்தார்: குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த தாய் கொஞ்ச நேரம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், பிறகு அழும். தாய் திரும்பி முகம் கொடுத்ததும் குழந்தையும் திரும்பி வரும். எப்போதும் பிழையில்லாமல் இருக்கும் பெற்றோர் உலகத்தில் இல்லை. பிழைக்குப் பிறகு முகம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போன தவணை என் மகள் கணக்குக் கொப்பியைத் தொலைத்துவிட்டு வந்தாள். மேசையில் ஓங்கி அடித்துவிட்டேன். அவளுடைய தோள் ஒருமுறை மேலே போய் அப்படியே நின்றது. அந்தத் தோளை எனக்குத் தெரியும். கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்து, நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் குந்தி, "அப்பா சத்தம் போட்டது பிழை. கொப்பி துலைஞ்சது சின்ன விஷயம். நீ பயந்ததில உன்ர பிழை ஒண்டும் இல்லை" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.

"சரி. அப்ப புதுக் கொப்பிக்கு நீங்களே உறை போட்டுத் தாங்கோ."

போட்டுக் கொடுத்தேன். உறை கோணலாக வந்தது. கழற்றிவிட்டு இரண்டாம் தரமும் போடச் சொன்னாள்.